அறையைக் குளிர்வித்த காற்று

இலண்டனில் வாழும் என் தங்கை, குழந்தை உறங்கும் அறை மட்டும் சூடேறவில்லையென்று சென்ற மார்கழியில் முறையிட்டாள். கொதிகலனை முடுக்கியும் பயனில்லை. எரிவாயுக் கட்டணமே ஏறிற்று.

அடுப்பில் வைத்த நீர் கொதிக்குமுன்னரே பாத்திரத்தின் உட்புறத்திற் சிறு குமிழிகள் அரும்புவதை மாணவர் கண்டிருப்பர். அவை நீராவியல்ல, நீரிற் கரைந்திருந்த காற்று. சூடேறச் சூடேற, காற்றைத் தன்னுட் கொள்ளும் ஆற்றலை நீர் இழக்கின்றது.

அந்நாட்டு வீடுகளிற் பம்பியானது கொதிகலனின் வெந்நீரைக் குழாய்வழியே அறைதோறுமுள்ள 'றேடியேற்றர்' என்னும் உலோகப் பலகைகளுக்கு அனுப்புகின்றது. பிரிந்த காற்று பலகையின் உச்சியில் தங்கிவிட்டால் வெந்நீர் அங்கே ஏறாது. அடி சுட, மேற்பாகம் குளிர்ந்திருப்பதே அறிகுறி. தங்கை தொட்டுப் பார்த்தாள்; அவ்வாறே இருந்தது.

பரிகாரம் எளிது. கொதிகலனை நிறுத்தி, நீர் ஆறும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். அவசரப்பட்டாற் கை வெந்துவிடும். பின்னர் துணியொன்றைக் கீழே பிடித்துக்கொண்டு, மேல்மூலையிலுள்ள சிறு திருகாணியை அதற்குரிய திறப்பினால் இடப்புறமாக அரைச்சுற்றுத் திருப்பினாற் போதும். 'உஸ்' என்று காற்று வெளியேறும். நீர் கசிந்தவுடன் மூடிவிடலாம். அருகில் நெருப்புக் கூடாது. உள்ளே இரும்பு துருப்பிடிக்கையிற் பிறக்கும் ஐதரசனும் அதனுடன் கலந்திருக்கக்கூடும்.

அழுத்தமானியுள்ள அமைப்பாயின் அதனையும் பார்த்தல் அவசியம். ஆறிய நிலையில் 1 பாருக்குக் குறைந்திருந்தால் நீர் சேர்த்தல் வேண்டும். அடிக்கடி காற்றுச் சேருமாயின் எங்கோ ஒழுக்கு இருக்கலாம். தொழிலறிந்தவரையே அழைத்தல் நன்று.