மேகத்தின் குளிரை அளக்கக் கருவி தயாராவது எப்படி?

நடுக்கடலில் உருவான புயல் வலுக்கிறதா, தளர்கிறதா என்பதை நள்ளிரவிலும் வானிலை ஆய்வாளர்களால் சொல்ல முடிகிறது. மேக உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பது அவர்களுக்கு முக்கியமான தடயம். அந்தக் குளிரை ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அளக்கிறது இன்சாட்-3டிஎஸ் என்ற வானிலைச் செயற்கைக்கோள். 2024 பிப்ரவரி 17 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்14 ராக்கெட் அதைச் சுமந்து சென்றது.

அதில் இரண்டு முக்கியக் கருவிகள் உள்ளன. இமேஜர் 6 அலைவரிசைகளில் படமெடுக்கிறது. சவுண்டர் 19 அலைவரிசைகளைக் கொண்டு, எந்த உயரத்தில் எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரம் என்று கணிக்க உதவுகிறது. இரண்டுமே பெரிதும் நம்பியிருப்பது அகச்சிவப்புக் கதிர்களைத்தான்.

சிக்கலும் அங்கேதான். சூடுள்ள எந்தப் பொருளும் அகச்சிவப்பை உமிழும்; கருவியும் விலக்கல்ல. அதன் சொந்தச் சூடே அளவைக் கெடுத்துவிடும். ஆகவே உணரிகளை மைனஸ் 170 டிகிரி செல்சியஸை ஒட்டிக் குளிர்விக்கிறார்கள். இதற்கு மோட்டார் எதுவும் இல்லை. இருண்ட விண்வெளியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு தகடு வெப்பத்தை வெளியே உமிழ்ந்துவிடுகிறது. அதன் பார்வையை மறைக்காதபடி சூரியத் தகடுகளையும் ஒரு பக்கம் மட்டுமே வைத்திருக்கிறார்கள்.

குளிர்ந்த பரப்பில் எதுவும் எளிதில் படியும். பசையிலிருந்தும் பிளாஸ்டிக்கிலிருந்தும் வெற்றிடத்தில் கசியும் ஆவி கண்ணாடிமேல் உறைந்தால் பார்வை மங்கும். தூசும் அப்படிப் படியக் கூடாது என்பதால், தூசு வடிகட்டிய அறையில், உடல் முழுவதும் மூடிய அங்கியோடு வேலை நடக்கிறது.

அடுத்தது சோதனை. ராக்கெட்டின் உலுக்கலையும் இரைச்சலையும் தாங்குமா என்று அதிர்வு மேடையிலும் ஒலி அறையிலும் பார்க்கிறார்கள். பிறகு வெற்றிட அறையில் குளிரவைத்து, வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த ஒரு கரும்பொருளைக் கருவிக்குக் காட்டுகிறார்கள். இந்த வெப்பத்துக்கு இந்த மின்சைகை என்று படிப்படியாகக் குறித்துக்கொள்வதே அளவுத்திருத்தம். செயற்கைக்கோளுக்குள்ளும் ஒரு கரும்பொருள் உண்டு. ஆண்டுகள் பல கழிந்து கருவி தளர்ந்தாலும் அதைப் பார்த்து அளவைச் சரிபார்க்கலாம். கரும்பொருளைக் கொண்டு செய்யும் இந்த அளவுத்திருத்தத்தை முந்தைய இன்சாட்களைவிட மேம்படுத்தியிருப்பதாக இஸ்ரோ கூறுகிறது.

அவ்வளவு உயரத்துக்குப் போய்ப் பழுதுபார்க்க யாராலும் முடியாது. கரையோர மக்களை வெளியேற்றுவதா வேண்டாமா என்ற முடிவுக்கு இந்த அளவுகளும் துணை நிற்கின்றன. அவற்றை நம்பலாம் என்ற உறுதியை, கருவி தரையில் இருக்கும்போதே ஈட்டியாக வேண்டும்.