கணிப்பொறிக்குள் கணிப்பொறி

விருந்தோம்பல் தமிழ்மக்களுக்குப் புதியதோர் அறமன்று. வந்தாரை இன்முகங் காட்டி வரவேற்று, உணவும் உறையுளும் நல்கி, அதே வேளையில் இல்லத்தின் திறவுகோலைத் தம் மடியிலேயே முடிந்து வைத்திருத்தல் நம் மூதாட்டியர் கையாண்ட முறை. இக்காலக் கணிப்பொறியினுள்ளும் இத்தகைய விருந்தோம்பல் நிகழ்கின்றதென்பதையும், அத்துறை அறிஞர் ‘விருந்தினர்’, ‘விருந்தோம்புநர்’ என்னும் பொருளுடைய சொற்களையே அதற்கு வழங்குகின்றனரென்பதையும் சென்ற ஆண்டு யான் அறிய நேர்ந்தது. தமிழ் பயிலும் மாணவன் பொறியைப் பற்றி எழுதப் புகுவது மிகையெனச் சிலர் கருதக்கூடும். ஆதலின் எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

என் தாயைப் பெற்ற பாட்டனார் பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். தம் ஊரைச் சூழ்ந்த சிற்றூர்களில் உழவரும் தச்சரும் வழங்கிய சொற்களைப் பல்லாண்டு திரட்டி, 2001-ஆம் ஆண்டளவில் அந்நாளைய தமிழ் மென்பொருள் ஒன்றின் துணைகொண்டு அவற்றை எழுதி வைத்தார். ஒருங்குறி பரவுவதற்கு முன்னர்த் தமிழ் மென்பொருள்கள் பலவும் தத்தமக்கென வெவ்வேறு எழுத்துக் குறியீட்டைக் கொண்டிருந்தன. ஆதலின் அக்கோப்புகளை இன்றைய கணிப்பொறியில் திறப்பின் தமிழெழுத்துக்கு ஈடாகப் பொருளற்ற குறிகளே தோன்றுகின்றன. அவற்றைத் திறக்கவல்ல அம்மென்பொருளோ பழைய விண்டோஸ் எக்ஸ்பி முறைமையிலன்றி இயங்காது. பாட்டனார் இன்று இலர். அவர்தம் கையெழுத்துப் படிகளையும் மழைநீர் அழித்துவிட்டது. எஞ்சியது ஒரு குறுந்தகடு மட்டுமே.

என்னிடமிருந்தது என் தமையனார் பயன்படுத்திக் கழித்த, 2012-ஆம் ஆண்டு மடிக்கணினி. அதனுள் பழைய விண்டோஸுக்கு ஓர் இருப்பிடம் அமைக்க முயன்றேன். செயலியில் அதற்குரிய துணை இல்லையென்னும் செய்தியே திரையில் வந்தது. கடைக்காரர் ஒருவரைக் கேட்டேன். செயலி பழையது, புதிய கருவி வாங்கினாலன்றி வேறு வழியில்லை என்றார். அதற்கு வேண்டும் பொருள் எங்கள் இல்லத்தில் இல்லை. அவர் கூற்று மெய்தானா என ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

மெய்நிகர் இயந்திரம் என்பது யாது? ஒரு கணிப்பொறியினுள்ளே, மென்பொருளின் திறத்தால், மற்றொரு கணிப்பொறி இருப்பதுபோற் செய்துகாட்டும் ஏற்பாடே அஃது. உள்ளே குடியேறும் விருந்தின முறைமை, தனக்கெனத் தனிச் செயலியும் நினைவகமும் வட்டும் உள்ளனவென்றே எண்ணி நடக்கும். உண்மையில் அவையெல்லாம் விருந்தோம்பும் முறைமைக்கு உரியன. இவ்விரண்டிற்கும் நடுவே நின்று பங்கிட்டுக் கொடுப்பது ஹைப்பர்வைசர் என்னும் நிரல். அதனை ஈண்டுக் ‘கண்காணி’ எனக் குறிப்போம்.

இக்கருத்து நெடுநாளையது. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960-களிலேயே தம் பெரும்பொறிகளில் இதனை நடத்திக் காட்டி, 1972-ஆம் ஆண்டில் விஎம்-370 என்னும் பெயரால் வெளியிட்டனர். போபெக், கோல்டுபர்க் என்னும் அறிஞர் இருவர் 1974-ஆம் ஆண்டில் இதற்குரிய இலக்கணத்தை வகுத்தனர். அதன் சாரம் வருமாறு: பொறியின் நிலையை மாற்றவோ வெளிப்படுத்தவோ வல்ல ஆணையை விருந்தின முறைமை இடுமாயின், அக்கணமே செயலி அதனைத் தடுத்துக் கண்காணியிடம் ஒப்புவித்தல் வேண்டும். இங்ஙனம் ஒப்புவிக்குமாயின் ஏனைய ஆணைகள் அனைத்தையும் செயலி நேரே நிறைவேற்றலாம். வேகம் குறைய வேண்டுவதில்லை.

மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் அமைந்த எக்ஸ்86 இனச் செயலிகள் இவ்விலக்கணத்துக்கு நெடுங்காலம் உட்பட்டில. அவற்றில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட நான்கு காப்பு வளையங்கள் உண்டு. இயக்க முறைமை 0-ஆம் வளையத்திலும் பயன்பாட்டு நிரல்கள் 3-ஆம் வளையத்திலும் இயங்குவது வழக்கம். விருந்தினரைக் கண்காணிக்கு அடங்க வைத்தற்பொருட்டு 0-ஆம் வளையத்தினின்றும் வெளியே நிறுத்தினால், ஆணைகள் சில தடுக்கப்படாமலே பிழைபட்டுவிடும். பென்டியம் செயலியில் இத்தகைய ஆணைகள் 17 உள்ளனவென்று 2000-ஆம் ஆண்டில் ஆய்வாளர் எண்ணிக் காட்டினர். சான்றாகப் ‘பாப்எஃப்’ என்னும் ஆணையைக் கொள்க. குறுக்கீடுகளை ஏற்பதா மறுப்பதா என்னும் குறியை மாற்றுமாறு விருந்தினர் அவ்வாணையை இட்டால், செயலி அக்குறியை மாற்றாது. மாற்றவில்லையென அறிவிக்கவும் அறிவியாது. ஏவலாளன் கட்டளையைக் கேட்டும் கேளாதான்போல் இருந்துவிட்டால் தலைவன் செய்வது யாது?

இக்குறையை 1999-ஆம் ஆண்டில் விஎம்வேர் நிறுவனத்தார் மென்பொருளாலேயே கடந்தனர். விருந்தின முறைமையின் ஆணைகளை ஓடும்போதே படித்து, இடர் தருவனவற்றை மட்டும் வேறாக எழுதி இயக்கினர். 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜென் என்னும் கண்காணி, விருந்தின முறைமையையே திருத்தி அமைக்கும் வழியை மேற்கொண்டது. முன்னது கடும் உழைப்பை வேண்டுவது. பின்னது மூலநிரல் கிடைத்தாலன்றி இயலாதது.

செயலியிலேயே திருத்தம் வந்தது 2005-ஆம் ஆண்டின் இறுதியில். இன்டெல் நிறுவனம் அப்பொழுது விடி-எக்ஸ் என்னும் வசதியையும், ஏஎம்டி நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் ஏஎம்டி-வி என்னும் வசதியையும் தம் செயலிகளில் அமைத்தன. இவற்றால் செயலிக்கு இருவேறு நிலைகள் உண்டாயின. கண்காணிக்கு ஒன்று, விருந்தினருக்கு மற்றொன்று. விருந்தின முறைமை தன் நிலைக்குள்ளேயே 0-ஆம் வளையத்தில் இயல்பாக இருக்கலாம். அது வரம்பு கடக்கும் ஆணையை இடும்போது செயலியே அதனை நிறுத்தி, அதன் நிலைமையை ஒரு குறிப்பேட்டிற் பதிந்து, கண்காணியை அழைக்கும். இதனை ‘வெளியேற்றம்’ என்பர். கண்காணி ஆவன செய்தபின் விருந்தினர் மீண்டும் உட்புகுவர்.

இவ்வசதி வந்தவுடன் எல்லாம் விரைவுபெற்றன என எண்ணுதல் தவறு. முதற் செயலிகளில் ஒரு வெளியேற்றத்துக்குச் சில ஆயிரம் கடிகாரத் துடிப்புகள் செலவாயின. ஆதலின் பணிகள் சிலவற்றில் பழைய மென்பொருள் முறையே விரைவானதென்று 2006-ஆம் ஆண்டில் ஆய்ந்து கண்டனர். பின்வந்த தலைமுறைகளில் அச்செலவு படிப்படியாகக் குறைந்து, சில ஆண்டுகளுக்குள் ஓராயிரம் துடிப்பை ஒட்டி இறங்கியது. புதிய செயலியால் விளைந்த நன்மைகளுள் இஃது ஒன்று.

இதனினும் பெரியது நினைவகத்தைப் பற்றியது. ஒவ்வொரு நிரலும் தான் கூறும் நினைவக முகவரியை மெய்யான முகவரியாக மாற்றுதற்குப் பக்க அட்டவணைகளை நாடுகின்றது. நூலகத்தில் நூலின் எண்ணைக்கொண்டு அலமாரியையும் தட்டையும் காண்பது போன்றது அச்செயல். விருந்தின முறைமை மெய்யென நம்பும் முகவரியோ மெய்யன்று. அதனையும் மறுமுறை மாற்றவேண்டும். முன்னாளில் கண்காணி இவ்விரண்டையும் இணைத்து நிழலட்டவணை ஒன்றை எழுதிப் பேணியது. விருந்தினர் தம் அட்டவணையைத் திருத்துந்தோறும் அதனையும் திருத்தவேண்டியதாயிற்று, வெளியேற்றங்கள் பெருகின. ஏஎம்டி 2007-ஆம் ஆண்டிலும் இன்டெல் 2008-ஆம் ஆண்டிலும் இரண்டு அட்டவணைகளையும் செயலியே அடுத்தடுத்துப் படிக்கும் வசதியை அமைத்தன. அதன்பின் விருந்தினர் தம் அட்டவணையைக் கண்காணியை அழைக்காமலே திருத்தலாயினர்.

இதற்கும் ஒரு விலை உண்டு. நான்கு அடுக்குள்ள அட்டவணையை நாட வழக்கமாக 4 முறை நினைவகத்தைப் படித்தல் போதும். இரண்டும் நான்கடுக்காயின், விருந்தினரின் ஒவ்வோரடுக்கு முகவரியும் மறுமுறை மாற்றப்படவேண்டியிருத்தலின், மிகுதியாக 24 முறை படிக்க நேரும். ஆதலின் கண்ட விடையை மறவாது வைத்திருக்கும் சிறு நினைவேட்டைச் செயலியாளர் பெரிதாக்கினர். அதிலுள்ள ஒவ்வொரு விடையும் எவருக்குரியதென அடையாளமும் இட்டனர். அடையாளம் இருத்தலால், விருந்தினரும் கண்காணியும் மாறிமாறி வரும்போது முழு ஏட்டையும் அழிக்கும் இன்றியமையாமை நீங்கியது.

செயற்கருக்களின் எண்ணிக்கை கூடியதும் மற்றொரு நன்மை. எளிய மடிக்கணினிகளில் நெடுங்காலம் 2 கருக்களே இருந்தன. 2017-ஆம் ஆண்டு முதல் அவ்வகையிலும் 4 கருக்கள் பரவின. இல்லத்தாருக்குச் சிலவும் விருந்தினருக்குச் சிலவும் ஒதுக்க இடமுண்டாயிற்று. காப்பின் பொருட்டும் புதுமை வேண்டப்பட்டது. 2018-ஆம் ஆண்டில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் முதலிய குறைகள் வெளிப்பட்டன. ஒருவர் அறையிலிருந்து மற்றொருவர் மறையை உய்த்துணர அவை இடந்தந்தன. பழைய செயலிகளில் மென்பொருளால் இட்ட ஒட்டுகள் வேகத்தைக் குறைத்தன. பின்வந்த செயலிகள் அக்குறைகளிற் சிலவற்றைத் தம் அமைப்பிலேயே களைந்தன.

புதிய செயலியாலும் ஆகாதன உள. நினைவகம் குறைவாயின், செயலி எத்துணைப் புதியதாயினும் இரண்டு முறைமைகளும் இடமின்றித் திணறும். அன்றியும், செயலியின் ஆணைமொழியே வேறாயின் மேற்கூறிய துணைகள் பயன்படா. ஆப்பிள் நிறுவனத்தார் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட எம்1 செயலி ஆர்ம் இனத்தது. அதன்மேல் எக்ஸ்86 இனத்துக்குரிய பழைய விண்டோஸை இயக்க ஆணைகளையெல்லாம் மொழிபெயர்க்கவேண்டும். அதனால் வேகம் பெரிதும் குறையும். என் தேவைக்கு விலைமிக்க அப்புதுக்கருவியினும் பழைய மடிக்கணினியே ஏற்றதென்பது இதனாற் பெறப்படும்.

இவ்வளவும் அறிந்தபின் என் ஐயம் வலுத்தது. விடி-எக்ஸ் வெளிவந்து ஏழாண்டு சென்றபின் தோன்றிய செயலியில் அத்துணை இல்லாதிருப்பது எங்ஙனம்? கணிப்பொறித் துறை மாணவராகிய என் விடுதித் தோழர் ஒருவர் வந்து பார்த்தார். கருவி விழித்தெழும்போது தோன்றும் பயாஸ் அமைப்பிற் புகுந்து, மெய்நிகராக்கம் என்னும் வரியைக் காட்டினார். அது ‘அணைக்கப்பட்டது’ என்றிருந்தது. அதனை மாற்றிச் சேமித்தார். பழைய விண்டோஸுக்கு 512 மெகாபைட் நினைவகமே ஒதுக்கினோம். மீண்டும் தொடங்கியவுடன், என் சிறுபிராயத்திற் கண்ட பசும்புல் மேடும் நீலவானமும் திரைக்குள் ஒரு சிறு சாளரத்தில் தோன்றின.

ஆகவே, புதியது வாங்கக் கருதும் தோழர்கள் முதலில் தம்மிடமுள்ள கருவியின் பயாஸ் அமைப்பையும் நினைவகத்தின் அளவையும் பார்த்துக்கொள்வாராக. பல விருந்தினரை ஒருங்கே வைத்து நடத்துவோர்க்கும், பெரிய முறைமைகளை இயக்குவோர்க்கும் புதிய செயலி பெரும்பயன் அளிக்கும். என்போன்றார்க்கு முன்பே வாய்த்த துணையைத் துயிலெழுப்புதலே போதியதாகும்.

பாட்டனாரின் கோப்பில் முதற்பக்கத்திற் கலப்பையின் உறுப்புகளுக்குரிய சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதனைச் சொல்லியவர் இன்ன ஊரார் என்று குறித்திருந்தார். அவற்றை ஒருங்குறியிற் பெயர்த்தெழுதும் பணி இவ்விடுமுறை முதல் நடைபெற்று வருகின்றது.