முதுகுவலியும் நரம்பைச் சுடும் சிகிச்சையும்

நாற்று நடுவோர், மூட்டை சுமப்போர், தறியில் அமர்வோர் ஆகிய அனைவரையும் வாட்டும் துன்பம் முதுகுவலி. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 61.9 கோடி மக்கள் இடுப்புவலியால் வருந்தினர் என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் வலி தணிந்துவிடும். மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிப்பதே நாட்பட்ட வலி எனப்படும். இதற்கு நரம்பைச் சுடும் சிகிச்சை ஒன்று உண்டு. பொருள் செலவிடுமுன் அது யாது என அறிதல் நலம்.

சிகிச்சை முறை

முதுகெலும்புக் கணுக்கள் பொருந்துமிடங்களில், பின்புறத்தே இருபக்கமும் சிறு மூட்டுகள் உள்ளன. அவற்றின் வலியுணர்ச்சியை எடுத்துச் செல்வன மெல்லிய நரம்புக் கிளைகள். எக்ஸ்ரே திரையைப் பார்த்தவாறே ஊசியொன்றைச் செலுத்தி, மின்னலையினால் அக்கிளையை ஏறக்குறைய 80 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம் சுடுவர். அதனால் வலிச் செய்தி தடைப்படும். 1970-களில் அமெரிக்க மருத்துவர் ஷீலி இம்முறையைக் கையாண்டார். பின்னர் ஆஸ்திரேலிய அறிஞர் போக்டக் இக்கிளைகள் செல்லும் வழியை ஆராய்ந்து விளக்கவே, ஊசி செலுத்தும் இடம் திருத்தம் பெற்றது.

யாருக்கு ஏற்றது?

வலி அம்மூட்டுகளிலிருந்தே எழுதல் வேண்டும். இதனை அறிய, முதலில் நரம்புக் கிளையருகே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திப் பார்ப்பர். அப்பொழுது வலி பெரிதும் குறைந்தாலன்றிச் சுடுதல் பொருந்தாது. இடைத்தட்டு பிதுங்கிக் கால்வரை ஓடும் வலிக்கு இது மருந்தன்று. மேலும், சுட்ட கிளை மீண்டும் வளரும். ஆதலின் பயன் கிட்டினும் அது சில மாதங்களோ ஓராண்டோதான் நிலைக்கும்.

அறிஞர்களின் கருத்து

2016-இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம், பிற சிகிச்சைகளால் பயன் பெறாத, தக்கவாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு இதனைக் கருதலாம் என்றது. ஆனால் 2017-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வுகளில், உடற்பயிற்சியோடு இச்சிகிச்சையும் பெற்றவர்கள், பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை அடையவில்லை. 2025-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த வழிகாட்டுரையோ, நாட்பட்ட முதுகுவலிக்கு இதனைச் செய்யலாகாது என்றே வலியுறுத்திற்று. நகையை அடகு வைத்தேனும் செய்துகொள்ள முனைவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

நாம் செய்யத்தக்கவை

வலி கண்டதும் படுக்கையே கதியெனக் கிடத்தல் தவறு. இயன்ற அளவு நடமாடுதலும், முறையான பயிற்சியும், முழங்காலை மடக்கிச் சுமை தூக்குதலும் பயன் தருவன. 2021-இல் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இல்லம் தேடி இயன்முறைச் சிகிச்சை அளிக்கவும் வழி செய்யப்பட்டது. வலியுடன் காய்ச்சல், உடல் மெலிதல், கால் மரத்தல், சிறுநீர் அடக்கமாட்டாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், தாமதியாது மருத்துவரை நாடுக. முதுகெலும்பைத் தாக்கும் காசநோயும் முதலில் வெறும் முதுகுவலியாகவே தோன்றக்கூடும். நோயின் காரணத்தை முதலில் அறிந்து, சிகிச்சையைப் பின்னர்த் தேர்வதே அறிவுடைமையாகும்.