பழைய லேப்டாப்பை வீட்டு சர்வராக்கலாமா? செலவு என்ன, சிக்கல் எங்கே?

அலமாரியில் ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறதா? கீபோர்டில் நாலு கீ வேலை செய்யாது, ஸ்கிரீனில் கோடு விழுந்திருக்கும், ஆனால் ஆன் பண்ணினால் ஓடும். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் தேறாது. வீட்டு சர்வருக்கு அதுவே போதும்.

சர்வர் என்றதும் ஏசி அறையும் வரிசையான ரேக்குகளும் நினைவுக்கு வர வேண்டாம். மற்ற சாதனங்கள் கேட்பதை எடுத்துக் கொடுக்க 24 மணி நேரமும் விழித்திருக்கும் கணினி, அவ்வளவுதான்.

சரி, இது எதுக்கு?

பலருக்கு ஆரம்பம் போட்டோக்கள்தான். கூகுள் போட்டோஸ் தனது அளவில்லா இலவசச் சேமிப்பை 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதன் பிறகு ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். குழந்தையின் முதல் வருட வீடியோக்களுக்கே அது பத்தாது. இம்மிச் என்ற இலவச மென்பொருளை உங்கள் சர்வரில் போட்டால், போனில் எடுக்கும் படங்கள் தானாகவே வீட்டு ஹார்டு டிஸ்கில் வந்து சேரும். சினிமா, பாட்டுக்கு ஜெல்லிஃபின், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், விளம்பரங்களைத் தடுக்க பை-ஹோல் என்று இந்தப் பட்டியல் நீளும்.

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. டெபியன் அல்லது உபுண்டு சர்வரை நிறுவி, டாக்கரில் நாலு சேவைகளை ஓட்டிப் பாருங்கள். ஆபீஸில் வேறு யாரோ பார்த்துக்கொள்ளும் லினக்ஸ், நெட்வொர்க், பேக்கப் எல்லாம் இங்கே உங்கள் தலையில்தான் விழும். பை-ஹோல் படுத்தால், அதையே டிஎன்எஸ்ஸாக நம்பியிருக்கும் மொத்த வீட்டுக்கும் இன்டர்நெட் வராது. "வைஃபை போச்சு" என்று ஹாலிலிருந்து குரல் வந்த பிறகு, டிஎன்எஸ் என்றால் என்ன என்பது ஜென்மத்துக்கும் மறக்காது.

கரன்ட் பில் எகிறுமா?

கணக்குப் போட்டுவிடலாம். சும்மா இருக்கும்போது 10 வாட் இழுக்கும் லேப்டாப் அல்லது மினி பிசி, மாதம் முழுக்க ஓடினால் சுமார் 7 யூனிட். 80 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் என்றால் கிட்டத்தட்ட 58 யூனிட். பல மாநிலங்களில் யூனிட் கூடக் கூட கட்டண விகிதமும் ஏறும் என்பதால், "ஓசியில் கிடைத்தது" என்று டெஸ்க்டாப்பைத் தூக்கி வராதீர்கள்.

லேப்டாப்பில் பேட்டரியே யுபிஎஸ் ஆகிவிடும், பவர்கட் வந்தால் அணையாது. ஆனால் எப்போதும் சார்ஜிலேயே இருக்கும் பழைய பேட்டரி உப்பக்கூடும். பயாஸில் சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக வைக்கும் வசதி இருந்தால் வையுங்கள். ஏற்கெனவே உப்பியிருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் மறுவேலை.

வெளியிலிருந்து எப்படித் திறப்பது?

நம்ம ஊரில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஐபிவி4 முகவரிகள் பற்றாக்குறையால், பல இன்டர்நெட் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். உங்கள் ரவுட்டரின் பக்கத்தில் 'வான் ஐபி' என்ற எண்ணைப் பாருங்கள். "என் ஐபி என்ன" என்று இணையத்தில் தேடினால் வரும் எண்ணும் அதுவும் வேறுவேறா? அப்படியானால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து ஐபிவி4 வழியாக உள்ளே வர முடியாது.

அதுவும் ஒருவகையில் நல்லதுக்குத்தான். பொது முகவரியில் 22-ஆம் போர்ட்டைத் திறந்து வைத்தால், பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் சீக்கிரமே வந்து கதவைத் தட்டும். எந்தப் போர்ட்டையும் திறக்காமல் டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றைப் பயன்படுத்துவதே புதியவர்களுக்குச் சரி. வயர்கார்டு என்ற விபிஎன் நுட்பத்தில் இயங்கும் அது, உங்கள் போனையும் சர்வரையும் மட்டும் இணைக்கும் தனிப் பாதையைப் போட்டுத் தரும். சிஜிநாட் இருந்தாலும் வேலை செய்யும்.

கிளவுடை உடனே மூடாதீங்க

இம்மிச் ஓட ஆரம்பித்ததும் கூகுளில் இருக்கும் படங்களை அழித்துவிட்டுச் சந்தா பணத்தை மிச்சம் பிடிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பழைய லேப்டாப்பின் பழைய டிஸ்க் எந்த நாளும் சாகலாம். இரண்டு டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு அமைப்பு இருந்தாலும், நீங்கள் தவறுதலாக அழித்த படம் இரண்டிலுமே அழியும். அது பேக்கப் ஆகாது.

மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே: இதுதான் 3-2-1 விதி. வெளிப் பிரதிக்கு, ஊரில் அப்பா அம்மா வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்கை வைத்து, விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் புதுப்பித்தாலும் போதும். பிறகு அந்தப் பேக்கப்பிலிருந்து பத்துப் படங்களையாவது வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பாருங்கள். அவை திறந்தால் மட்டும் கிளவுட் சந்தாவை நிறுத்துவது பற்றி யோசிக்கலாம்.