விதையைக் கேட்போம்: பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு முளைப்புச் சோதனை

விதைப்புக்கு முன்னால் முளைப்புத்திறன் பார்க்கணும் என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறோம். எப்படிப் பார்ப்பது, பார்த்ததை எப்படி எழுதி வைப்பது என்று அவ்வளவாகப் பேசுவதில்லை. சான்று விதை மூட்டையில் அட்டை தொங்கும். நெல்லுக்குக் குறைந்தபட்சம் 80 சதவீதம் முளைப்பு இருக்கணும் என்பது விதிமுறை. நம்ம வீட்டு விதைக்கு அட்டை எழுத வேண்டியது நாமேதான்.

போன ஆடி மாசம் பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். அறிவியல் கண்காட்சிக்கு ஒரு சோதனை வேண்டுமாம். "பீஜாமிர்தத்துல ஊறவச்ச நெல்லு நல்லா முளைக்கும்னு நிரூபிக்கணும் தாத்தா" என்றாள் ஒரு பெண். "நிரூபிக்கணும்னு ஆரம்பிக்காதம்மா. முளைக்குதான்னு கேட்டு ஆரம்பி" என்றேன். கேள்வி சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

திட்டம் போடுவது

அவர்கள் கொண்டு வந்த திட்டம் இதுதான்: இரண்டு கப், கப்புக்குப் பத்து விதை. ஒன்றில் காய்ந்த நெல், இன்னொன்றில் இரவு முழுக்க பீஜாமிர்தத்தில் ஊறிய நெல். இதில் இரண்டு ஓட்டைகள்.

ஒன்று, ஊறிய நெல் முந்திக்கொண்டால் அது பீஜாமிர்தத்தின் வேலையா, வெறும் தண்ணீரின் வேலையா? சொல்ல முடியாது. அதனால் ஒப்பீட்டு விதையும் அதே நேரம், அதே அளவு தண்ணீரில் ஊறணும். இரண்டு, பத்து விதையில் ஒன்று முளைக்காவிட்டாலே 10 சதவீதம் குறைந்துவிடும். விதைப் பரிசோதனை நிலையத்தில் 400 விதை எண்ணுகிறார்கள். நாங்கள் ஒவ்வொரு முறைக்கும் 200 எடுத்தோம். துணிக்கு 50 வீதம் நாலு ஈரத்துணிச் சுருள்.

தை மாசம் அறுத்த தூயமல்லி விதை. புது நெல்லுக்கு விதை உறக்கம் இருக்கும் என்பதால் அறுவடை மாசத்தையும் குறித்துக்கொண்டோம். முட்டை மிதக்கும் உப்புக் கரைசலில் போட்டு, மிதந்த பதரை நீக்கி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினோம். அதன் பிறகுதான் இரண்டு பங்காகப் பிரித்தோம். பொறுக்கி எடுக்காமல், கலக்கிவிட்டுக் கைக்கு வந்ததை எண்ணினோம். பீஜாமிர்தம் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு: தண்ணீர் 2 லிட்டர், சாணம் 500 கிராம், கோமியம் 500 மில்லி, சுண்ணாம்பு 5 கிராம், கொஞ்சம் வரப்பு மண். எட்டுச் சுருளும் ஒரே திண்ணையில், ஒரே நிழலில், ஒரே நேரத்தில் தண்ணீர் தெளித்து இருந்தன.

எண்ணும்போது ஆசை குறுக்கே வரும். பீஜாமிர்த விதையை நிறமே காட்டிக் கொடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு துணியையும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினார்கள். கணக்கு இடித்தால் மூன்றாவது ஆள். எது முளைப்பு என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தோம்: வேரும் குருத்தும் இரண்டும் நல்லபடியாக வந்திருந்தால்தான் முளைப்பு. மூக்கு மட்டும் நீட்டியது கணக்கில் இல்லை. அழுகியது தனி, அப்படியே கிடந்தது தனி. ஐந்தாம் நாள் ஒரு எண்ணிக்கை, பதினாலாம் நாள் கடைசி எண்ணிக்கை.

எழுதி வைப்பது

முப்பது வருஷத்துக்கு மேல் லெட்ஜர் பார்த்தவன் நான். பிள்ளைகளுக்குச் சொன்ன முதல் விதி: பென்சில் கூடாது, ரப்பர் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் திருத்தி, கையெழுத்துப் போடணும். அன்றைய எண்ணிக்கையை அன்றைக்கே ஏற்றணும்.

அறிக்கையின் வரிசை: கேள்வி, எதிர்பார்ப்பு, பொருட்கள், செய்முறை, அட்டவணை, முடிவு. செய்முறையைப் படித்து இன்னொரு ஊர்க்காரர் அப்படியே திரும்பச் செய்ய முடியணும். "கொஞ்ச நேரம் ஊறவைத்தோம்" என்பது உதவாது. "12 மணி நேரம்" என்று இருக்கணும்.

பதினாலாம் நாள் கணக்கு இது. வெறும் தண்ணீர்: 43, 46, 42, 45, மொத்தம் 176, அதாவது 88 சதவீதம். பீஜாமிர்தம்: 45, 43, 47, 45, மொத்தம் 180, அதாவது 90 சதவீதம்.

ஒருவன் உடனே, "ஜெயிச்சிடுச்சு!" என்றான். துணிவாரியாகப் பார்க்கச் சொன்னேன். ஒரே முறைக்குள்ளேயே துணிக்குத் துணி நாலு விதை வித்தியாசம் இருக்கிறது. மொத்தத்திலும் நாலுதான் வித்தியாசம். இதை வைத்து ஜெயித்தது என்று எழுத முடியாது. "அப்ப பீஜாமிர்தம் தோத்துப்போச்சா தாத்தா?" என்றாள் அந்தப் பெண். அதுவும் இல்லை. பீஜாமிர்தத்தை நாம் முக்கியமாக நம்புவது விதை, மண் வழியாக வரும் நோயைத் தடுக்கத்தான். சுத்தமான துணியில் அந்தச் சோதனை நடக்கவே இல்லை. கடைசியில் அவர்கள் எழுதியது: "இந்த விதையில், இந்தச் சூழலில், முளைப்புத்திறனில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. நாற்றங்காலில் வைத்து நாற்று அழுகலைப் பார்ப்பது அடுத்த சோதனை."

இயக்கத்து நண்பர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "நம்ம பிள்ளைகளே இப்படி எழுதினா வெளியே என்ன சொல்லுவாங்க?" என்றார்கள். நான் சொல்வேன், இப்படி எழுதினால்தான் நாளைக்கு நாற்றங்காலில் வித்தியாசம் தெரிந்தது என்று எழுதும்போது ஊர் நம்பும். உரக் கம்பெனி விளம்பரத்தை அளக்கிற அதே படியில்தான் நம்ம இடுபொருளையும் அளக்கணும்.

உங்கள் விதைக்கு

சம்பா நாற்று விடுவதற்கு மூன்று வாரம் முன்னால் 200 விதை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். 80 சதவீதம் வந்தால் வழக்கமான அளவு போதும். குறைந்தால், வழக்கமான அளவை 80ஆல் பெருக்கி, வந்த சதவீதத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ விதைக்கிற இடத்தில் முளைப்பு 64 சதவீதம் என்றால் 25 கிலோ வேண்டும். ரொம்பவே குறைந்தால் விதையை மாற்றிக்கொள்ள அந்த மூன்று வாரம் கைகொடுக்கும். எண்ணுகிற வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்களுக்கு நம் விதைமேல் பாசம் இருக்கும், பாரபட்சம் கொஞ்சம் குறைவு.