தேடுகிறவர் சொல்லும் எழுதுகிறவர் சொல்லும்

மரக்காணத்து உப்பளங்களில் விடியலுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் படிந்த உப்பை வாரி வரப்பில் குவித்தாக வேண்டும். அந்த வேலைக்குச் செல்லும் சகோதரி ஒருவர் சென்ற ஆண்டு கணவரை இழந்தார். இத்தா முடிந்த சில நாட்களில் மகளுடன் மதரஸாவுக்கு வந்தார். அந்தப் பெண் என் மாலை வகுப்பில் ஓதியவள்.

"ஹஜ்ரத், அத்தா விட்டுட்டுப் போனது ஒரு வீடும் கொஞ்சம் மனையும்தான். நானும் தம்பியும் அம்மாவும் ஆளுக்குச் சமபங்குன்னு இதுல போட்டிருக்கு. பெரியத்தா, அம்மாவுக்கு ஒண்ணுமே கிடையாதுங்கிறாங்க. எதுங்க சரி?" என்று கைப்பேசியை நீட்டினாள்.

இரண்டுமே சரியன்று. கைப்பேசி காட்டியது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை. அச்சட்டத்தில் விதவைக்கும் மக்களுக்கும் சமபங்கு. முஸ்லிம்களாகிய நமக்கு 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் பொருந்தும். ஸூரத்துந் நிஸாவின் 11, 12-ஆம் வசனங்கள் பங்குகளை வரையறுத்துவிட்டன. கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சியதை 24 பங்காக்கினால், இந்தக் குடும்பத்தில் மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லாததால் கணக்கு இவ்வளவுதான். பெரியத்தா சொன்னதுபோல் அந்தத் தாய் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.

கணக்கைச் சொல்லி அனுப்பிய பிறகுதான் வேறொரு கேள்வி என்னைக் குடைந்தது. இதே பங்கீட்டை விளக்கி, சில மாதங்களுக்கு முன்பு நானே இணையத்தில் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். இலவசமாக எழுத இடம் தரும் ஒரு தளத்தில், இரவு பகலாகத் தட்டச்சுப் பழகி எழுதியது. என் மாணவி தேடியபோது அது ஏன் அவள் கண்ணில் படவில்லை?

வாசகர்களே, தேடுபொறி என்பது நாம் கேட்ட பிறகு உலகமெல்லாம் ஓடிச் சென்று தேடுவதாகப் பலரும் எண்ணுகிறோம். அப்படியன்று. நாம் கேட்பதற்கு வெகு முன்பே அது பக்கம் பக்கமாகப் படித்து, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. நாம் சொல்லைக் கொடுத்ததும் அட்டவணையைப் புரட்டுகிறது.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதன்று. எகிப்திய அறிஞர் முஹம்மது ஃபுஆத் அப்துல் பாகீ தொகுத்து 1945-இல் கெய்ரோவில் வெளிவந்த 'அல்முஃஜமுல் முஃபஹ்ரஸ்' நம் நூலகங்களில் உள்ளது. திருமறையின் ஒவ்வொரு சொல்லும் எந்த ஸூராவில், எத்தனையாவது வசனத்தில் வருகிறது என்று அதில் காணலாம். ஜெர்மானியரான ஃப்ளூகல் 1842-இல் வெளியிட்ட அட்டவணையைத் தாம் அடிப்படையாகக் கொண்டதை அவர் மறைக்கவில்லை. அறிவுலக நேர்மை அது. அந்நூலில் 'கிதாப்' என்னும் சொல்லைக் காண வேண்டுமானால் காஃப், தா, பா என்னும் மூல எழுத்துகளுக்குச் செல்ல வேண்டும். அங்கே 'கதப', 'காதிப்', 'மக்தூப்' யாவும் ஒரே குடும்பமாக அமர்ந்திருக்கும். மூலம் தெரியாதவனுக்கு நூல் கையில் இருந்தும் பயனில்லை. முதலாம் ஆண்டு மாணவர்கள் இதனால் படும் பாட்டை நான் அறிவேன், நானும் பட்டவன்தான்.

தமிழிலும் இதே இடர் உண்டு. பங்கு, பங்கை, பங்குக்கு, பங்கிலிருந்து என்று வேற்றுமை உருபு ஏற ஏறச் சொல் உருமாறுகிறது. போதாக்குறைக்கு, அரபுச் சொற்களை நாம் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம்: ஜகாத், ஸகாத், ஜக்காத், மதரஸா, மத்ரஸா, மதரசா. மார்க்கச் சொற்களுக்கு மட்டும் வந்த வினையன்று இது. எங்கள் ஊரை ஒட்டிய, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நீர்நிலையைக் கழுவெளி என்பார் உண்டு, கழுவேலி என்பார் உண்டு, ஆங்கில எழுத்தைப் பார்த்துக் களிவேலி என்று எழுதுவாரும் உண்டு. இன்றைய தேடுபொறிகள் இத்தகைய வேறுபாடுகளையும் பொருளையும் ஓரளவு ஊகித்துக்கொள்கின்றன. ஆனால் ஓரளவுதான்.

ஒரு காலத்தில் இந்த ஊகத்துக்கே இடமிருக்கவில்லை. தமிழ்ப் பக்கங்கள் தனித்தனி எழுத்துருக்களில் இருந்தன. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று நம் கண்ணுக்குத் தெரிந்தது, இயந்திரத்துக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குவியலாகவே இருந்தது. அட்டவணையில் அது எங்கே சேரும்? ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு என்னும் ஒருங்குறியில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. எனினும் அது மக்களின் கணினிக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. தமிழக அரசு அதை ஏற்றது 2010-இல்.

இடைப்பட்ட காலத்தில் பாடுபட்டவர்களுள் நம்மவர் ஒருவரை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்களா? தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி அவர்கள் வளைகுடாவில் பணியாற்றித் திரும்பியவர். ஒருங்குறியில் அமைந்த 'தேனீ' எழுத்துருவை உருவாக்கி, எழுத்துரு நிறுவாத கணினியிலும் தமிழைப் படிக்க வழி செய்தார். பழைய எழுத்துருக்களில் இருந்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவியையும் படைத்தார். 2006-இல் வல்ல அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றார். 2010-இல் கோவையில் செம்மொழி மாநாட்டுடன் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்கம் அவர் பெயரைத் தாங்கியது. தமிழில் தட்டிய சொல்லுக்கு இன்று விடை வருகிறதென்றால், இத்தகையோரின் கூலி கேட்காத உழைப்பும் அதில் கலந்திருக்கிறது.

சரி, என் பக்கத்தின் கதைக்கு வருகிறேன். அதைப் பார்த்த முன்னாள் மாணவர் ஒருவர் - சென்னையில் கணினித் துறையில் இருப்பவர் - முதலில் சிரித்தார். பக்கத்தின் மறைவில் திறவுச்சொற்கள் எழுதும் பெட்டி ஒன்றிருந்தது. இஸ்லாம், குர்ஆன், ஹதீஸ், நிக்காஹ், மரக்காணம், உப்பு என்று நாற்பது சொற்களை அதில் நான் கொட்டியிருந்தேன். "ஹஜ்ரத், அந்தப் பட்டியலைப் பார்த்து வரிசைப்படுத்துறதில்லைன்னு கூகுள் 2009-லேயே சொல்லிட்டாங்க. ஆளாளுக்குப் பொய்ப் பெயரா நிரப்புனதால வந்த வினை" என்றார். பக்கத்தின் தலைப்பு, உள்ளே வரும் சொற்கள், அப்பக்கத்தைச் சுட்டும் பிற பக்கங்கள் ஆகியவற்றைத்தான் தேடுபொறி பெரிதும் கருதுகிறதாம்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "உங்க தலைப்பு என்ன?"

'ஃபராயிள் கலையின் மாண்பு' என்றேன். தலைப்பு எனக்குப் பிடித்தமானது. பட்டப்படிப்பில் இலக்கியம் பயின்ற பழக்கம், அவ்வளவு எளிதில் விடுமா?

"அந்தப் பொண்ணு என்னன்னு தேடுச்சு?"

மாணவியைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 'கணவர் இறந்தால் மனைவிக்கு சொத்தில் பங்கு எவ்வளவு' என்று தேடியிருக்கிறாள். என் கட்டுரையில் 'ஃபராயிள்', 'வாரிஸ்', 'தரிகா', 'ஸவ்ஜா' எல்லாம் இருந்தன. 'கணவர் இறந்தால்' என்பது ஓரிடத்திலும் இல்லை. 'மனைவி' என்னும் சொல் நான்காம் பத்தியில் ஒருமுறை வந்தது. அவள் கேள்வியில் 'முஸ்லிம்' இல்லை. என் விடையில் அவள் மொழி இல்லை. இருவருக்கும் நடுவே வேறொரு சட்டம் வந்து அமர்ந்துகொண்டது.

ஆகவே உங்கள் வீட்டில் மார்க்கச் சட்டம் தேடுவோர், கேள்வியோடு 'முஸ்லிம்' அல்லது 'இஸ்லாமிய வாரிசுரிமை' என்பதைச் சேர்த்துத் தேடட்டும். வரும் விடை எந்தச் சட்டத்தைப் பேசுகிறது என்பதை முதலில் பார்க்கட்டும். முதலில் வந்ததே முற்றும் சரி என்றெண்ணாமல், பாகம் பிரிக்கும் முன் ஓர் ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் காட்டிக்கொள்ளுங்கள். பெற்றோர் இருக்கிறார்களா, மக்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். மக்களே இல்லாவிட்டால் மனைவிக்குக் கால் பங்கு வரும்.

ஜமாஅத்தில் வைத்துப் பெரியத்தாவிடம் வசனத்தை ஓதிக் காட்டினோம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மனையின் பத்திரத்தை எடுத்து வரச் சம்மதித்தார்.

என் பக்கத்தின் தலைப்பை மாற்றிவிட்டேன். 'முஸ்லிம் குடும்பத்தில் கணவர் இறந்தால் மனைவிக்குச் சொத்தில் பங்கு எவ்வளவு?' மாணவியின் கேள்விதான். இரண்டு சொற்களும் ஒரு 'ச்'சும் மட்டும் என்னுடையவை. ஃபராயிள் என்பதை இரண்டாம் வரியில் வைத்திருக்கிறேன், ஓதுகிற பிள்ளைகள் அந்தச் சொல்லால்தான் தேடுவார்கள்.