இலங்கை சனாதிபதித் தேர்தல்களில் வரிக் கொள்கை

இலங்கையின் சனாதிபதி (தமிழக வழக்கில் குடியரசுத் தலைவர்) மக்களால் நேரடியாகத் தெரிவு செய்யப்படுபவர். நிறைவேற்று அதிகாரம் உடையவர். ஆகவே அப்பதவிக்குப் போட்டியிடுவோர் வரிகளைப் பற்றித் தரும் வாக்குறுதிகள் வாக்காளர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவையாகின்றன. வரி விதிக்கும் அதிகாரம், அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரையின்படி, நாடாளுமன்றத்துக்கே உரியது. ஆயினும் நடைமுறையில் சனாதிபதியும் அமைச்சரவையும் எடுக்கும் முடிவே முதலில் வருகிறது. 2019, 2024 தேர்தல்கள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டுகள்.

2019 தேர்தல்

2019 நவம்பர் 16 அன்று நடைபெற்ற தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச 52.25% வாக்குகள் பெற்று வென்றார். பெறுமதி சேர் வரியை (தமிழகத்தில் மதிப்புக் கூட்டு வரி) 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைப்பது அவரது முக்கிய வாக்குறுதிகளுள் ஒன்று. இது திவாலுக்கு இட்டுச் செல்லும் என்று அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர எச்சரித்தார். வரிக் குறைப்பு டிசம்பர் 1 முதலே நடைமுறைக்கு வந்தது.

வரி வீதம் ஏறத்தாழப் பாதியானாலும் விலை பாதியாவதில்லை. 115 ரூபாய்க்கு விற்ற பொருள், குறைப்பு முழுமையாக நுகர்வோரைச் சேர்ந்தால், 108 ரூபாயாகும். அதாவது 6 விழுக்காட்டளவே குறையும். வருமான வரியில் நிலைமை வேறு. ஊழியர் ஒருவரின் வரியற்ற வருமான எல்லை ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாயிலிருந்து 30 இலட்சமாக உயர்ந்தது. மாதம் 90,000 ரூபாய் பெற்றவர் முன்பே வரி கட்டாதவராதலால் அவருக்கு இதனால் பயனில்லை. மாதம் இரண்டரை இலட்சம் பெற்றவர் வரியிலிருந்து முற்றாக விடுபட்டார்.

அதிகம் கவனிக்கப்படாதது வேறொரு மாற்றமாகும். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடியாக உயர்த்தப்பட்டது. வீதம் குறைந்ததோடு, வரி வலைக்குள் இருந்த வணிகர்களின் எண்ணிக்கையும் சுருங்கியது. இவ்வரியால் கிடைத்த வருவாய் 2019இல் சுமார் 444 பில்லியன் ரூபாயாக இருந்து 2020இல் சுமார் 234 பில்லியனாக வீழ்ந்தது. கொரோனாப் பெருந்தொற்றுக்கும் இதில் பங்குண்டு. இழந்த வருவாயை ஈடு செய்ய வேறு வழி அமையவில்லை. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது. சூலையில் கோட்டாபய பதவி விலகினார்.

2024 தேர்தல்

2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. வரி வருவாயை உயர்த்துவது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. வருமான வரி எல்லை மீண்டும் 12 இலட்சமாகியது; பெறுமதி சேர் வரி 2024 சனவரியில் 18 விழுக்காடானது. 2024 செப்டம்பர் 21 தேர்தலில் ரணில் விக்கிரமசிங்க இதே பாதையைத் தொடர்வதாகக் கூறினார். சஜித் பிரேமதாச வரிச்சுமையைத் தளர்த்துவதாகவும், அனுர குமார திசாநாயக்க மாதம் 2 இலட்சம் ரூபாய் வரை வரி விலக்களிப்பதாகவும் உறுதியளித்தனர். முதற்கணிப்பில் எவரும் பாதிக்கு மேல் பெறாததால், இலங்கையில் முதன்முறையாக இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டு அனுர வென்றார்.

நாணய நிதியத்துடன் நடந்த பேச்சுக்குப் பின், 2025 ஏப்ரல் முதல் எல்லை மாதம் 1.5 இலட்சமாக உயர்ந்தது. மாதம் 2 இலட்சம் சம்பளம் பெறுபவரின் வரி 10,500 ரூபாயிலிருந்து 3,000 ரூபாயாகக் குறைந்தது; வாக்குறுதிப்படியானால் அது சுழியமாகியிருக்கும்.

இந்திய முறையுடன் வேறுபாடு

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இத்தகைய ஒப்பீட்டுக்கு இடமில்லை. தென்காசி மாவட்டத்தின் கடையநல்லூரில் வாழும் வாக்காளருக்கு அத்தேர்தலில் வாக்கே கிடையாது. அவருடைய சட்டமன்ற உறுப்பினர் வாக்களிப்பார். 2022 தேர்தலில் தமிழக உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. வருமான வரியை நாடாளுமன்றமும், சரக்கு மற்றும் சேவை வரி வீதங்களுக்கான பரிந்துரைகளை அதற்குரிய மன்றமும் முடிவு செய்கின்றன. வீட்டுக்கான சொத்து வரியைப் பெறுவது கடையநல்லூர் நகராட்சி. ஆனால் 2022 பெப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்தபின், ஏப்ரலில் நகராட்சிக் குடியிருப்புகளுக்கு 25 முதல் 100 விழுக்காடு வரை அவ்வரியை உயர்த்தி அறிவித்தது மாநில அரசு ஆகும்.